பயம் ஒன்றே காரணம் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹிட்லர் கால ஜெர்மனி பற்றிய தொடரின் சென்ற பகுதியில், வீட்டுக்கு வீடு உளவாளி இருந்ததால்தான் சாதாரண ஜெர்மானியர் வாய்மூடிக் கிடந்தார்கள் என்று எழுதப்பட்டிருந்தது. நாஜி அரசின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் மிஞ்சியிருக்கும் கோப்புகள் அப்படிச் சொல்லவில்லை.

போர் முடியும் தறுவாயில் பெரும்பாலான ஊர்களில் கெஸ்டபோ தன் கோப்புகளை எரித்துவிட்டது. டூசல்டார்ஃப், வூர்ட்ஸ்பர்க் போன்ற சில இடங்களில் தப்பியவற்றைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். 1937இல் வூர்ட்ஸ்பர்க் அலுவலகத்தில் இருந்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. அவர்கள் பொறுப்பில் இருந்த மக்களோ 8 லட்சத்துக்கும் மேல். இந்த ஆள்பலத்தை வைத்துக்கொண்டு யார் வீட்டில் என்ன பேச்சு என்று ஒட்டுக்கேட்க முடியாது. யூதர்களோடு பழகியதாக அங்கே தொடரப்பட்ட வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை பொதுமக்கள் கொடுத்த புகாரில் தொடங்கியவை.

1934 டிசம்பரில் வந்த சட்டம் அரசையும் நாஜிக் கட்சியையும் பழித்துப் பேசுவதைக் குற்றமாக்கியது. புகார் கொடுக்க நினைப்பவர் கட்சியின் தெருப் பொறுப்பாளரிடம் (ஒருவருக்கு 40 முதல் 60 குடும்பங்கள்) சொன்னால் போதும். நேரே போலீசுக்கும் போகலாம், மொட்டைக் கடிதமும் போடலாம். புகாருக்கு ஆளானவரைக் கெஸ்டபோ வரவழைத்து விசாரிக்கும். பிறகு எச்சரித்து விடலாம். மேல்முறையீடே இல்லாத சிறப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். வழக்கே இல்லாமல் வதைமுகாமில் தள்ளலாம். பல புகார்களின் அடியில் கிடந்தது கொள்கைப் பற்று அல்ல, அண்டைவீட்டுத் தகராறும் கணவன் மனைவி சண்டையும் தொழில் பொறாமையும்தான்.

கம்யூனிஸ்டுகளுக்கும் சமூக ஜனநாயகவாதிகளுக்கும் யூதர்களுக்கும் பயம் நிஜமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டாஹாவ் முகாம் 1933 மார்ச்சிலேயே திறந்தாயிற்று. இங்கே பேச்சு மற்றப் பெரும்பான்மையைப் பற்றி. தனக்குச் சுட்ட இடத்தில் அந்தப் பெரும்பான்மை குரல் எழுப்பியிருக்கிறது.

1936 நவம்பர் 4 அன்று ஓல்டன்பர்க் மாநில அரசு பள்ளிகளிலிருந்து சிலுவைகளை அகற்றச் சொன்னது. கத்தோலிக்கர் நிறைந்த குளோப்பன்பர்க் வட்டாரமே கொதித்தது. பாதிரியார்கள் கண்டித்தார்கள், ஊர்களிலிருந்து குழு குழுவாக மாநிலத் தலைநகருக்குப் போய் முறையிட்டார்கள். அதே மாதம் 25ஆம் தேதி, நாஜிக் கட்சியின் மாகாணத் தலைவர் கார்ல் ரோவர் ஆயிரக்கணக்கானோர் திரண்ட மண்டபத்தில் ஆணையைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டிவந்தது. 1941 ஆகஸ்ட் 3 அன்று மூன்ஸ்டர் ஆயர் காலன் மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் அரசு கொல்வதைப் பிரசங்கத்தில் அம்பலப்படுத்தினார். மக்கள் அதைக் கையாலும் தட்டச்சிலும் படியெடுத்துப் பரப்பினார்கள். மூன்று வாரத்தில் ஹிட்லர் நச்சுவாயுக் கொலைத் திட்டத்தை நிறுத்தச் சொன்னார். அதற்குள் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பின்னர் அதே கொலைகள் மருத்துவமனைகளில் மருந்தாலும் பட்டினியாலும் சத்தமில்லாமல் தொடர்ந்தன.

1943இல் பெர்லினின் ரோசன்ஸ்ட்ராஸெ தெருவில், அடைத்துவைக்கப்பட்ட யூதக் கணவர்களுக்காக யூதரல்லாத மனைவியர் நாள்கணக்கில் நின்றார்கள். பெரும்பாலான கணவர்கள் வெளியே வந்தார்கள். போராட்டம்தான் காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்தப் பெண்களை யாரும் சுடவில்லை.

மற்ற யூதர்களை நாடுகடத்த ரயிலேற்றியபோது இப்படி யாரும் திரண்டு நிற்கவில்லை. 1941 நவம்பர் 25 ஆணைப்படி, நாட்டுக்கு வெளியே அனுப்பப்பட்ட யூதரின் சொத்து அரசுக்குச் சேர்ந்தது. போகுமுன் துணிமணி, பாத்திரம், கட்டில் வரை படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு முத்திரை வைக்கப்படும். நிதித்துறை மதிப்புப் போடும். சாமான்கள் பொது ஏலத்துக்குப் போகும். ஹாம்பர்கில் ஏல விளம்பரங்கள் நாளிதழிலேயே வந்தன. வாங்கப் போனவர்களை யாரும் மிரட்டி அழைத்துவரவில்லை. தொடரின் அடுத்த பகுதியில் கெஸ்டபோவோடு இந்த நிதி அலுவலகங்களின் பதிவுகளையும் கட்டுரையாளர் எடுத்துப் பேச வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி