வெட்டிய மாத்திரை அட்டையில் எண் எங்கே?

ஆசிரியருக்கு,
போலி மருந்துகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். குறிப்பிட்ட 300 மருந்து பிராண்டுகளின் அட்டையிலோ, அதில் இடமில்லையெனில் மேலுறையிலோ கியூஆர் குறியீடு அல்லது பார்கோடு அச்சிட வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தயாரிப்பாளர், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), காலாவதி நாள் அனைத்தையும் அதில் சரிபார்க்கலாம். தேவையான விதிதான், ஆனால் முழு அட்டை வாங்க இயலாதவர்களை அது எட்டுவதில்லை.

சென்ற மாதம் என் தாயாருக்கு இரத்த அழுத்த மாத்திரை நான்கு வாங்கினேன். வெட்டித் தந்த துண்டில் மருந்தின் பெயரே பாதிதான் இருந்தது; தொகுதி எண்ணும் காலாவதி நாளும் கடையில் தங்கிய மறுபாதியில். முதியவர் எதை நம்பி விழுங்குவார்? அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்புறத்தில் இம்மூன்றையும் தெளிவாக அச்சிட நிறுவனங்களுக்கு மத்திய அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை, நான்கு மாத்திரை வாங்கினாலும் தொகுதி எண்ணுடன் ரசீது தருவதை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் உறுதிசெய்யலாம்.