பழைய பிளாக் குழாய் வேலை: சனி, ஞாயிறு தண்ணீர் வராது

அனைவருக்கும் வணக்கம்.

பழைய பிளாக்கிலும் அதை ஒட்டிய விடுதியிலும் சனிக்கிழமை காலை 8 மணிக்குக் குழாய் மாற்றும் வேலை தொடங்குகிறது. ஞாயிறு மாலை வரை மேல்தொட்டித் தண்ணீர் வராது. வெள்ளி இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதி வாசலில் தண்ணீர் லாரி நிற்கும்.

"தண்ணீர் குறைவாக வருவதற்குப் பெரிய மோட்டார் போட்டால் போதாதா?" என்று பலர் கேட்டீர்கள். போதாது. வெட்டி எடுத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்த் துண்டு ஸ்டோர் ரூம் மேசையில் இருக்கிறது, வந்து பாருங்கள். ஒரு இன்ச் குழாய்தான், ஆனால் உள்ளே துரு திரண்டு சுண்டுவிரல்கூட நுழையவில்லை. இதில் அழுத்தத்தைக் கூட்டினால் மரை தேய்ந்த இணைப்புகளில் பிய்த்துக்கொண்டு அடிக்கும். காலையில் முதல் பக்கெட் பழுப்பாக வருவதும் இதனால்தான். புதிதாகப் போடுவது சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய். அது துருப்பிடிக்காது, ஆனால் வெயில் படும் மொட்டைமாடிப் பகுதிக்குப் பெயின்ட் அடித்தாக வேண்டும்.

உடைத்த சுவரைச் சிமென்டால் பூச வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பொரிந்து விழும். சுண்ணாம்புக் கலவை காய நாளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய பீஸ் கட்டைகளுக்குப் பதில் எம்சிபியும் (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு இருந்தால் தானே அணையும் சுவிட்ச்) வருகின்றன. கெட்டிலைச் சொருகியதும் ஆர்சிசிபி விழுந்து மின்சாரம் நின்றால் கோளாறு பெரும்பாலும் கெட்டிலில்தான். தயவுசெய்து யாரும் அதை பைபாஸ் செய்ய வேண்டாம்.

தண்ணீர்க் கசிவு கண்டால் அறை எண்ணோடு இந்தக் குழுவில் படம் போடுங்கள். இரண்டு நாளைக்குக் குட்மார்னிங் படங்கள் வேண்டாமே!