கத்திரி வெயிலும் ஒரு ப்ராசசரும்

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

இன்னாடா, எப்படி கீற? மூன்று மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. தப்பு என்னுடையதுதான், திட்டிக்கொள். அக்காவுக்கு உடம்பு தேறிவிட்டதென்று டிராயிங் மாஸ்டர் சொன்னார், நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். வெயிலைப் பற்றித் தனியாக எழுத வேண்டாம். பாலாற்றங்கரை நெடுக ஒரே அனல்தான்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் அக்கா மகன். கேமிங் கம்ப்யூட்டருக்கு யாரோ எழுதிக் கொடுத்த பட்டியலை நேற்று அனுப்பினான். ஐ5-12400எஃப் ப்ராசசர், பி660 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட். அடியில் ஒரு வரி: ‘ஓவர்கிளாக் செய்துகொண்டால் ஐ7 வேகம் வரும்.’ ஓவர்கிளாக் என்றால் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ப்ராசசரை ஓட வைப்பது. படித்ததும் பகீரென்றது. பணம் நீதானே கொடுக்கப்போகிறாய்? கொடுப்பதற்கு முன் இதைப் பொறுமையாகப் படி.

12400எஃப் மோசமான ப்ராசசர் இல்லை. 6 கோர் (கணக்குப் போடும் உள் அலகு), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை), 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை தானாகவே ஏறும். ஆனால் அதன் மல்டிப்ளையர், அதாவது பேஸ் கிளாக் என்ற அடிப்படைத் துடிப்பை எத்தனை மடங்காக்க வேண்டும் என்று சொல்லும் எண், பூட்டியது. இன்டெலில் பெயருக்குப் பின்னால் ‘கே’ இருந்தால்தான் அந்தப் பூட்டு திறந்திருக்கும். அதற்கும் இசட் வரிசை போர்டு வேண்டும். பி660 போர்டில் ராம் வேகத்தைக் கூட்டலாம், ப்ராசசரைக் கூட்ட முடியாது. தனி கிளாக் சிப் வைத்த ஒரு சில பி660 போர்டுகளில் பேஸ் கிளாக் வழியாகச் சிலர் ஏற்றினார்கள், உண்மைதான். அந்தப் போர்டு கேட்கும் விலைக்கு ஒரு படி மேலான ப்ராசசரையே வாங்கிவிடலாம். பூட்டிய ப்ராசசருக்கு லிக்விட் கூலர் எதற்கு? அந்தக் காசு கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டிய காசு.

உன்மேலும் எனக்குக் கோபம். பையனிடம் இன்டெல் செலரான் 300ஏ ப்ராசசர் கதையைச் சொல்லி ஆசை மூட்டியது நீதானே? அந்த செலரான் 1998-இல் வந்தது. பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், 4.5 மல்டிப்ளையரோடு 300 என்பது 450 ஆனது. ஒன்றரை மடங்கு! பென்டியம் 2-இல் எல்2 கேஷ் (ப்ராசசர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் வேக மெமரி) தனிச் சிப்பில் பாதி வேகத்தில் ஓடியபோது, 300ஏ-வில் 128 கிலோபைட் கேஷ் ப்ராசசருக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. அதனால்தான் அந்த ஏற்றத்துக்கு முழுப் பலன் கிடைத்தது. இன்றைக்கு அப்படி மிச்சம் வைத்து யாரும் விற்பதில்லை. பூஸ்ட் என்ற பெயரில் கம்பெனியே முக்கால்வாசியைப் பிழிந்து கொடுத்துவிடுகிறது. நாம் மெனக்கெட்டு ஏற்றினாலும் 4.45 கிகாஹெர்ட்ஸ் என்பது 4.65 ஆகும். நூற்றுக்கு நாலரை. நொடிக்கு 60 பிரேம் வருகிற கேமில் மிஞ்சிப்போனால் 63.

அப்படியென்றால் ஓவர்கிளாக்கே வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும், ஆனால் வேறு மாதிரி. அதற்கு ஏற்ற ப்ராசசர் ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600. இதுவும் 6 கோர், 12 த்ரெட்தான், 65 வாட் வகை. 32 எம்பி எல்3 கேஷ்; கேமுக்கு இந்தக் கேஷ்தான் உயிர். மல்டிப்ளையர் திறந்தே இருக்கும். ஏ.எம்.டி.யில் பூட்டு போர்டில் இருக்கிறது: ஏ320, ஏ520 போர்டுகளில் ஓவர்கிளாக் கிடையாது, பி450, பி550 போர்டுகளில் உண்டு. ஏ520-ஐயும் பி550-ஐயும் பெட்டியில் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்.

இன்னொரு குழப்பம் 5500, 5600ஜி. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், உள்ளே வேறு. இரண்டிலும் கேஷ் 16 எம்பி மட்டும்; கார்டுக்குப் போகும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸும் 3-ஆம் தலைமுறைதான். பட்டியலில் உள்ள ஆர்எக்ஸ் 6600 கார்டு அந்தப் பாதையில் 8 லேன் (தடம்) மட்டுமே பயன்படுத்துகிற கார்டு. 3-ஆம் தலைமுறையில் போட்டால் அதன் பாதை பாதியாகச் சுருங்கும். கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி வழிகிற கேமில் அது கண்ணுக்கே தெரியும். 5600-உம் பி550-உம் சேர்ந்தால் 4-ஆம் தலைமுறை கிடைக்கும். கார்டு இப்போது வாங்கவே முடியாது, ஆறு மாதம் கழித்துத்தான் என்றால் மட்டும் 5600ஜி; அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. 5600 உட்காரும் ஏஎம்4 பழைய சாக்கெட், இதற்குமேல் வளராது என்று பையன் வாதாடுவான். அவன் சொல்வது சரிதான். அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 என்றால் டிடிஆர்5 ராமும் புதிய போர்டும் சேர்ந்து வரும். உன் பணத்துக்கு அது எட்டாது.

இனி வெயில். நான் ராத்திரி தூங்காமல் யோசித்தது இதைத்தான்.

இணையத்தில் வருகிற பரிசோதனைகள் பெரும்பாலும் ஏசி போட்ட அறையில் எடுத்தவை. அறை 22 டிகிரி இருக்கும்போது ப்ராசசர் 70 காட்டுகிறது என்று வை. காற்றுக் கூலரானாலும் லிக்விட் கூலரானாலும் அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்காது. பையன் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. கத்திரியில் ராத்திரி பத்து மணிக்கும் கான்கிரீட் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அறை 38 டிகிரி என்றால், அதே வேலைக்கு அதே ப்ராசசர் 86 காட்டும். 5600-இன் வரம்பு 90. அதைத் தொட்டால் எரிந்துவிடாது, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிவைத்த வேகம் முழுக்க அங்கேயே போய்விடும்.

வோல்டேஜைக் கூட்டுவது இந்த ஊருக்கு ஆகாது என்பது இதனால்தான். சூடு வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கினால், வேகம் ஒரு துளி கூடாமலேயே வாட் 17 விழுக்காடு ஏறும். நாம் திருப்பிப் போட வேண்டும்: வோல்டேஜை இறக்கு, அதனால் சூடு இறங்கும், இறங்கிய இடத்தில் பூஸ்ட் தானாக ஏறி உட்காரும். ரைசன் 5000-இல் இதற்கென்றே கர்வ் ஆப்டிமைசர் இருக்கிறது. எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் ஆணியடித்து நிறுத்துகிற பழைய முறை வேண்டவே வேண்டாம். அதில் ஒற்றைக் கோர் பூஸ்ட் போய்விடும், கேம் அதைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது.

செய்யும் வரிசை இது. மாற்றாமல் செய்யச் சொல்.

கம்ப்யூட்டரைப் பொருத்தி முடித்ததும் எதையும் தொடாமல் ஒரு நாள் ஓட்டட்டும். சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, ப்ராசசரை முழுச் சுமையில் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டி, மதிப்பெண்ணையும் உச்ச சூட்டையும் நோட்டில் எழுத வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு எழுதுவது முக்கியம், விடியற்காலையில் அல்ல. இந்த இரண்டு எண்களும் இல்லாமல் பின்னால் லாபமா நஷ்டமா என்று தெரியாது.

அடுத்து ராம். இதில் கிடைப்பது ப்ராசசரை ஏற்றுவதில் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம். 8 ஜிபி இரண்டு, ஒரே பெட்டியில் வந்த ஜோடி. ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் கேள்வியே இல்லை. பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ராமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு) போடாவிட்டால் 3200 ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும், வருடக்கணக்காக யாருக்கும் தெரியாது. சிஎல் என்பது ராம் பதில் தர எடுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை. 3600 சிஎல்18 ராமுக்கும் 3200 சிஎல்16 ராமுக்கும் தாமதம் ஒன்றே, 10 நானோ செகண்ட். 3600-இல் எஃப்கிளாக் (ப்ராசசரின் உள் இணைப்பு வேகம்) 1800 ஆக, ராம் கிளாக்கோடு ஒன்றுக்கொன்று சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை வித்தியாசம் அதிகமானால் 3200 போதும். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓட விடு. ஒரே ஒரு தப்பு வந்தாலும் தப்புதான். ராம் சரியில்லாமல் மேற்கொண்டு போனால் விண்டோஸ் ஃபைல்கள் மெல்ல மெல்லக் கெடும். அது ப்ராசசரின் கோளாறு என்று நினைத்து ஊரைச் சுற்றுவீர்கள்.

அதற்கப்புறம்தான் பிபிஓ, பூஸ்டைத் திருத்த ஏ.எம்.டி. தரும் அமைப்பு. பயாஸில் அட்வான்ஸ்டு எடுத்து, கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 10. ஒரு எண்ணுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லி வோல்ட் இறங்கும். தடுமாறாமல் நின்றால் 15, பிறகு 20. எல்லாக் கோரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் ஒரே குணம் இல்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்ட கோர்கள் ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் ஓடுகிறவை. பெரும்பாலும் அவைதான் முதலில் சறுக்கும். அவற்றை 10-இல் நிறுத்திவிட்டு மற்றவற்றை இறக்கலாம். மின் வரம்பு பிபிடி 76 வாட்டில் இருக்கிறது, அதைத் தொடாதே. உச்ச வேகத்தைக் கூட்டும் பூஸ்ட் ஓவர்ரைடு 200 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். மழைக்காலம் வரட்டும், அப்போது 100 போட்டுப் பார்க்கலாம். கத்திரி முடிகிறவரை மின்சாரத்தைக் குறைக்கும் 45 வாட் ஈகோ மோடில் விட்டாலும் கேமில் பெரிதாக ஒன்றும் இழக்க மாட்டான்.

எங்கே ஏமாறுவான் தெரியுமா? சினிபெஞ்ச் அரை மணி நேரம் நின்றது, எனவே எல்லாம் சரி என்று நினைப்பான். மொத்தச் சுமையில் வேகம் குறைவு, அதனால் வோல்டேஜ் பற்றாக்குறை தெரியாது. சும்மா பாட்டுக் கேட்கும்போது ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். அந்த நொடியில்தான் கம்ப்யூட்டர் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். ஆகவே கோர் சைக்கிளர் என்ற இலவசக் கருவியால் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், ஒரு ராத்திரியாவது. ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘வீயா லாகர்’ என்று 18-ஆம் எண் பதிவு விழுந்திருக்கும். விழுந்தால் ஐந்து எண் பின்வாங்கு. இன்னொன்று, திரையில் 4.6 காட்டும், மதிப்பெண் மட்டும் முன்பைவிடக் குறையும். வோல்டேஜ் போதாமல் கிளாக் இழுபடுகிறது என்று அர்த்தம். எச்டபிள்யூஇன்ஃபோவில் ‘எஃபெக்டிவ் கிளாக்’ பார்த்தால் உண்மை வேகம் தெரியும். பயாஸுக்குள்ளேயே போக முடியாமல் நின்றால் பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழையபடி வரும்.

5600 பெட்டியில் வருகிற சின்னக் கூலர் இங்கே சிரமப்படும். நான்கு ஹீட் பைப், ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலர் போதும், டீப்கூல் ஏகே400 மாதிரி. அதன் உயரம் 155 மில்லிமீட்டர், கேபினெட் அகலத்தைப் பார்த்து வாங்கு. டவர் கூலர் காற்றைப் பின்பக்கமாகத் தள்ளும். சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் (ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் காற்று விழாது. எனவே விஆர்எம்-க்கு ஹீட் சிங்க் உள்ள பி550 போர்டாகப் பார். கேபினெட்டில் கண்ணாடி முகப்பு வேண்டவே வேண்டாம், வலைதான். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. மேசையின் மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்.

கூலரைக் கழற்ற நேர்ந்தால், கம்ப்யூட்டரைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, இடவலமாகத் திருகி எடுக்க வேண்டும். நேராகத் தூக்கினால் நடுவில் தடவிய பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசசரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வரும். ஏஎம்4-இல் ஊசிகள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன, வளைந்தால் போச்சு. கரண்ட் விஷயத்தில் 550 வாட், ‘ப்ரான்ஸ்’ (வெண்கலத் தரம்) எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை ஒன்று, ஒழுங்கான எர்த், ஒரு யூபிஎஸ். யூபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட் செய்யாதே. பாதியில் கரண்ட் போனால் போர்டு சாகும். உன் வீட்டுப் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மாட்டுவதும் வேண்டாம். ஓவர்கிளாக்கால் கெட்டால், பிபிஓ-வானாலும் சரி, வாரன்டி கிடையாது என்று ஏ.எம்.டி. வெளிப்படையாகவே சொல்கிறது. பையனுக்கு இதையும் சொல்லிவிடு.

கடைசியாக ஒன்று. இத்தனையும் அவன் கேமுக்குத் தேவையா என்று அவனே பார்க்க முடியும். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பயன்பாடு 97, 98 விழுக்காடு என்று நின்றால் தடை கார்டில் இருக்கிறது; ப்ராசசரை என்ன செய்தாலும் பிரேம் கூடாது. 70-க்கு இறங்கி, பிரேமும் விழுந்தால்தான் ப்ராசசர் வேலை.

சென்னை ரிச்சி தெருவுக்கு நீ கிளம்புகிற நாளைச் சொல், வாலாஜா ரோட்டில் ஏறு, நான் காட்பாடியிலிருந்து வந்து சென்ட்ரலில் சேர்ந்துகொள்கிறேன். மக்கன் பேடா இல்லாமல் வந்தால் உன்னோடு பேச்சே கிடையாது. அதற்கு முன் பையன் ஒரு வேலை செய்யட்டும்: போர்டு எதுவாக இருந்தாலும் பெட்டிமேல் ‘ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி’ என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கடையில் போட்டோ கேட்டு வாங்கி எனக்கு அனுப்பட்டும். பழைய பயாஸோடு கிடக்கும் பி450 போர்டைத் தலையில் கட்டினால், 5600 போட்டு ஸ்விட்சை அழுத்தினாலும் திரை கறுப்பாகவே இருக்கும். அட்வான்ஸ் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? உடனே எழுது.

உன்,
கோட்டை மைதானத்து லெஃப்ட் ஹேண்ட்