பெயருக்கு நிற்கும் சார்ஜர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சார்ஜ் போடும் வசதி சிற்றூர்கள் வரை வந்துவிட்டதால் மின்கார் வாங்க இனி யாரும் தயங்க வேண்டியதில்லை என்று கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி இருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாசித்து வருபவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அந்த வரி என் மனத்தைப் புண்படுத்தியது.

தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். சென்ற மாதம், கண்புரை அறுவை முடிந்த என் தாயாரை மதுரையிலிருந்து காரில் அழைத்து வந்தேன். ஊருக்கு இன்னும் 50 கிலோமீட்டர் இருக்கையில் பேட்டரி 11 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வழியிலிருந்த சிறு நகரத்தின் பெட்ரோல் பங்க் ஒன்றில் சார்ஜர் காலியாக இருப்பதாகச் செயலி பச்சையில் காட்டியதை நம்பிப் போனேன். திரை இருண்டு கிடந்தது. காரில் செருகும் சார்ஜிங் கன்னின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. "இது ஓடி நாலு மாசமாச்சு சார், கம்பெனிக்குச் சொல்லிட்டோம்" என்றார் ஊழியர். எதிரே இருந்த அரிசி மண்டிக்காரர் மனமிரங்கித் தமது 15 ஆம்பியர் பிளக்கைக் கொடுத்தார். இரண்டரை மணி நேரம், 78 வயதான என் தாயார் கறுப்புக் கண்ணாடியோடு மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2018இல் வழிகாட்டியதும், 2024இல் அதை 20 கிலோமீட்டராகத் திருத்தியதும் தாங்கள் அறியாததன்று. ஓடாமல் நிற்பதையும் நிலையம் என்றே எண்ணினால் அந்தத் தூரத்துக்கு என்ன பொருள்? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்ஸ்கூட்டர் செய்கிறோம். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலையே திறந்தாயிற்று. வண்டியை விற்பதில் காட்டும் அக்கறை, விற்ற வண்டி ஊர் போய்ச் சேருவதிலும் வேண்டாமா?

இதோடு, நிறுவனத்துக்கு ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம். என் பணம் 860 ரூபாய் நான்கு செயலிகளில் முடங்கிக் கிடக்கிறது. ஒன்றில் திருப்பிக் கேட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. எங்கள் ஊரில் இருக்கும் ஒரே சார்ஜருக்கு முன்னால் மாலையானால் லாரி நிற்கிறது. எடுக்கச் சொன்னால் நமக்குத்தான் வசவு. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு வாடகை வீட்டுக்காரர்களின் நிலை தெரியாது. தனி மீட்டருக்கு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், அவரோ வயரைப் பார்த்தாலே அஞ்சுகிறார்.

நான் கேட்பது பெரிதன்று. பழுதான சார்ஜரைச் செயலியில் பச்சையாகக் காட்டாமல் அன்றைக்கே நீக்க வேண்டும். கடைசியாக ஓடிய தேதியையும் அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு சார்ஜரின் மீதும் எழுதி வைக்க வேண்டும். தங்கள் செய்தியாளர் ஒருவரை ஒரு நாள் மின்காரில் மதுரையிலிருந்து தென்காசிக்கு அனுப்பி, அவர் கண்டதை அதே ஞாயிறு பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தென்காசி மாவட்டம்.