செயலாளர் ஆண்டறிக்கை: பெரிய ஃபிரேம் ரிவால்வர்களும் நம் ரீலோடிங் மேசையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த பொதுக்குழுவுக்குப் பிறகு நம் சங்கத்தில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதாந்திரச் சுடும் நாள்கள் ஹூஸ்டனுக்கு வடக்கே வழக்கமாகப் போகும் ரேஞ்சிலேயே நடந்தன. மழையால் சில தள்ளிப்போயின. பொங்கல் விருந்து குடும்பங்களோடு நல்லபடியாக நடந்தது. புதியவர்களுக்கான பாதுகாப்பு வகுப்பை வழக்கம்போல் துணைத்தலைவர் எடுத்தார். செயற்குழு அவ்வப்போது கூடியது.

உறுப்பினர் சேர்க்கை பற்றி ஒரு விஷயம். சேர விரும்பி எழுதுகிறவர்களில் கணிசமானவர்கள் எச்-1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள். குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. ஆகவே காகிதங்களைப் பார்க்காமல் யாரையும் ரேஞ்சுக்கோ ரீலோடிங் மேசைக்கோ அழைத்து வராதீர்கள். நண்பன்தானே என்று கூட்டி வருவது அந்தப் பையனின் குடியேற்ற விண்ணப்பத்தையே கெடுத்துவிடும்.

இனி இந்த ஆண்டின் முக்கியப் பணிக்கு வருகிறேன். ரீலோடிங் மேசைக்கு, அதாவது சுட்டு முடித்த கேஸில் (தோட்டாவின் உலோகக் கூட்டில்) புது பிரைமரும் (பற்றவைக்கும் சிறு மூடி) பவுடரும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டா கட்டும் மேசைக்கு, ஒரு பொதுப் பதிவேடு தொடங்கியிருக்கிறோம். இது எதற்கு, இத்தனை கெடுபிடி தேவையா என்று பலர் கேட்டார்கள். விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் இந்தச் சங்கத்துக்கு வந்ததே ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய .38/44 ரிவால்வர்களுக்காகத்தான். 1920களில் குற்றவாளிகள் காரில் தப்பினார்கள். போலீஸ் கையில் இருந்த .38 ஸ்பெஷல் குண்டு கார்த் தகட்டைத் துளைக்கத் திணறியது. அதற்கு விடையாகத்தான் 1930இல் ஹெவி டியூட்டி என்ற ரிவால்வர் வந்தது. .44 தோட்டாவுக்கென்று செய்த பெரிய ஃபிரேமில் (துப்பாக்கியின் உடற்சட்டத்தில்) .38 சிலிண்டரையும் குழலையும் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டே, திருத்திக்கொள்ளும் குறிவைப்பானோடு அவுட்டோர்ஸ்மேன் வந்தது. இந்தத் துப்பாக்கிகளுக்கென்றே வந்த தோட்டா, 158 கிரெய்ன் (ஏறத்தாழ 10 கிராம்) குண்டை நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி வேகத்தில் தள்ளியது. சாதாரண .38 ஸ்பெஷல் 900 அடியைக்கூடத் தொடாத காலம் அது.

ஆபத்து அங்கேதான். வேகம் கூடியதே தவிர, தோட்டாவின் நீளமும் தடிமனும் அதே .38 ஸ்பெஷல். ஹெவி டியூட்டியில் போடவேண்டியது ஒரு சின்ன ஐந்து குண்டு ரிவால்வரிலும் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். 1935இல் .357 மேக்னம் என்ற இன்னும் வேகமான தோட்டா வந்தபோது கேஸை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீட்டியதற்குக் காரணம் இதுவே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் டக்ளஸ் வெஸ்ஸன், துப்பாக்கி எழுத்தாளர்களான ஃபிலிப் ஷார்ப், எல்மர் கீத் ஆகியோர் பெயர் அந்தத் தோட்டாவோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அவர்கள் சேர்த்த வேகத்தைவிட அந்தச் சிறு நீட்டலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மேக்னம் தோட்டாவை .38 சிலிண்டரில் போட்டால் முழுதாக உள்ளே போகாது, சிலிண்டர் மூடாது. கவனக்குறைவான ஆளையும் அது காப்பாற்றும். .38 கேஸில் நாம் கட்டும் வேக லோடுக்கு, அதாவது வேகம் கூட்டிக் கட்டிய தோட்டாவுக்கு, அந்தக் காவல் இல்லை. பெட்டியில் ஒட்டும் சீட்டுதான் நமக்குக் காவல்.

கோடையில் ஒரு மேசை நாள் முடிந்து சாமான்களை எடுத்துவைக்கும்போது, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. ஐம்பது குழி, ஒன்றும் காலியில்லை, மேலே எழுத்தே இல்லை. திறந்தால் பித்தளைக் கேஸ், அடியில் .38 ஸ்பெஷல் முத்திரை; மேலே நீண்ட மூக்கும் சதுரத் தோளும் கொண்ட கீத் வகை ஈயக் குண்டு. யாருடையது என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்றைத் தட்டிப் பிரித்தபோது கேஸில் பாதிக்குமேல் மெதுவாக எரியும் பவுடர். சந்தேகமே இல்லை, பெரிய ஃபிரேம் லோடு. அதே மேசையில் இரண்டு அடி தள்ளி, வேறொரு உறுப்பினர் சுத்தம் செய்ய வைத்திருந்த லேசான இரண்டு அங்குலக் குழல் ரிவால்வர். ஐம்பதையும் அன்றே பிரித்து, ஈயத்தை உருக்கு வாளியில் போட்டு, பவுடரை அழித்துவிட்டோம். பெயர் தெரியாத பவுடரை எடுத்து வைப்பது என்ற பேச்சே இருக்கக் கூடாது.

பதிவேடு அதற்கடுத்த வாரமே தொடங்கியது. தேதி, கட்டியவர் பெயர், கேஸ் எத்தனையாவது முறை, பிரைமர், பவுடரின் பெயரும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும், குண்டின் எடையும் ஈயக் கலவையும், மொத்த நீளம், எந்தத் துப்பாக்கிக்கு, எந்த மேனுவலின் (பவுடர் அளவுக் கையேட்டின்) எந்தப் பக்கம் என எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாத பெட்டி மேசையை விட்டுப் போகக் கூடாது. பெரிய ஃபிரேம் லோடு என்றால் சிவப்புச் சீட்டு. இன்னொரு முடிவும் எடுத்தோம்: பெரிய ஃபிரேமுக்கு நிக்கல் பூசிய கேஸ் மட்டுமே; மற்ற எல்லா .38க்கும் வெறும் பித்தளை. பெட்டியிலிருந்து ஒரு தோட்டா உருண்டு தரையில் கிடந்தாலும் நிறமே சொல்லிவிடும். நிக்கல் கேஸின் வாய் சீக்கிரம் விரிசல் விடுகிறது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தார். உண்மைதான். விரிசல் விட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவோம்.

அடுத்து, வேகத்தைத் துரத்தும் பழக்கம். பழைய மேனுவலில் இத்தனை அடி என்று போட்டிருக்கிறான், எனக்கு வரவில்லையே, கொஞ்சம் கூட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறார்கள். அந்தக் காலத்து எண்கள் பலவும் சிலிண்டர் இடைவெளியே இல்லாத நீண்ட சோதனைக் குழலில் எடுத்தவை. மேக்னத்துக்கு 1935இல் விளம்பரப்படுத்திய 1,500 அடிச் சொச்சமும் எட்டே முக்கால் அங்குலக் குழலில் வந்தது. ஐந்து அங்குல ஹெவி டியூட்டியில், சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே வாயு கசியும்போது, அந்த எண் எங்கிருந்து வரும்? அதை எட்டிப் பிடிக்கப் போகிறவர் அழுத்தத்தைத்தான் ஏற்றுகிறார். .38 ஸ்பெஷலுக்கு இன்றைய தர வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), அதிலேயே அழுத்தம் கூடிய வகையான பிளஸ் பி-க்கு 20,000, மேக்னத்துக்கு 35,000. .38/44க்கு என்று தனியாக ஒரு தர வரம்பு கிடையாது. அதனால்தான் இன்றைய மேனுவலைத் தாண்டக் கூடாது என்கிறேன். பிரைமர் தட்டையாகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ரைஃபிள்காரர்களின் பழக்கம். ரிவால்வர் அழுத்தத்தில் அதை நம்ப முடியாது. கேஸ் சிலிண்டரைவிட்டு வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டால் எப்போதோ எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

துப்பாக்கியின் நிலையும் பார்க்க வேண்டும். பூட்டும் டைமிங் சரியா (சிலிண்டர் குழலுக்கு நேரே வந்து பூட்டுகிறதா), சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா, சிலிண்டர் பக்கமுள்ள குழல் வாயில் அரிப்போ விரிசலோ உண்டா என்று ஒவ்வொரு துப்பாக்கியையும் பார்த்து எழுதியிருக்கிறோம். முதல் உலகப் போருக்கு முந்தைய டிரிபிள் லாக் என்ற பெரிய ஃபிரேம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் வைத்திருக்கும் நம் உறுப்பினரிடம், ஃபிரேம் பெரிது என்பதற்காக வேக லோடு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டார். ஹெவி டியூட்டி 1966இல் நின்றுபோனது. ஒரு சிலிண்டர் போனால் தொழிற்சாலையில் கேட்டு வாங்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. "அண்ணா, அந்த பவுடர் எவ்வளவு போடலாம், சும்மா ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க" என்று இரவு பத்து மணிக்குப் போன் வருகிறது. நான் சொல்லவில்லை. இந்த அறிக்கையிலும் ஒரு எடை கூட எழுதவில்லை. என் கையில் இருக்கும் லாட் வேறு, உங்கள் கையில் இருப்பது வேறு, துப்பாக்கியும் வேறு. மேனுவலைத் திறந்து, தொடக்க அளவிலிருந்து ஏறி வாருங்கள். மேசைக்கு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். இதற்காக என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கை விரல்கள் பத்தும் இருக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் கிடையாது.

மேசைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே சிலர்தான். வாட்ஸ்அப் குழுவில் துப்பாக்கிப் படத்துக்கு இதயம் போடுகிறவர்களில் பாதிப் பேர் வந்தாலும் பதிவேடு இதற்குள் நிறைந்திருக்கும். சங்கத்தின் லைமன் 358429 குண்டு வார்க்கும் அச்சை வாங்கிச் சென்றவர் இன்னும் திருப்பவில்லை. பெயர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும். இரண்டு ஆண்டாகச் சந்தா கட்டாதவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் பிரைமர் இருப்பில் பங்கு எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்று வாங்கியவர்களுக்கு ஆயிரம் பிரைமரின் மதிப்பு தெரியும்.

இருப்பு பற்றி: மேசை இருப்பது ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டின் கேரேஜ். தடித்த மரப்பெட்டி இல்லாமல் புகையில்லா பவுடர் 20 பவுண்டுக்கு மேலும், பிரைமர் 10,000க்கு மேலும் வீட்டில் வேண்டாம் என்ற தீத்தடுப்பு நெறியை மீறாமல் வைத்திருக்கிறோம். ஈயம் உருக்குவது இனி வெளியேதான். அந்தப் பக்கம் குழந்தைகளும் தின்பண்டமும் கூடாது. கட்டிய தோட்டாவைக் காசுக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் நினைவூட்டுகிறேன். விற்பனைக்குச் செய்ய உரிமம் வேண்டும், நம்மிடம் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தயாரித்திருக்கிறார். சந்தாவும் ஓரிரு நன்கொடைகளும் வரவு. ரேஞ்சுக் கட்டணம், காப்பீடு, மேசைச் சாமான்கள் செலவு. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. விவரம் வேண்டுபவர்கள் அவரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

கேரேஜைத் தந்த உறுப்பினருக்கும், ஒவ்வொரு மேசை நாளிலும் சலிக்காமல் காபி போட்டுத் தந்த அவர் இல்லத்தரசிக்கும், தலைவருக்கும், துணைத்தலைவருக்கும், தணிக்கை செய்த நண்பருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டுக்கு ஒளித்திரை வைத்த நம் பழைய வேகமானி போதாது. மேகம் வந்தால் ஒரு எண், வெயில் வந்தால் ஒரு எண். சின்ன ரேடார் வகை ஒன்று வாங்கினால் பதிவேட்டில் எழுதும் வேகத்துக்கு ஒரு நம்பிக்கை வரும். கையிருப்பில் இருந்து வாங்க முடியாது; நிலுவைச் சந்தா வந்தாலே வாங்கிவிடலாம். செயலாளர் பொறுப்பை எடுத்துக்கொள்ள யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு தருகிறேன். பதிவேட்டை நிறுத்தமாட்டேன் என்று மட்டும் அவர் இந்தக் கூட்டத்தில் சொல்லவேண்டும். யாரும் வரவில்லை என்றால் நானே தொடர்கிறேன், ஆனால் தனியாகச் செய்ய முடியாது. மேசை நாளில் சீட்டு ஒட்டவும் கேஸ் பிரிக்கவும் இரண்டு பேர் நிலையாக வேண்டும். பெயர் கொடுப்பதற்கான தாள் வாசல் பக்கம் பொருளாளரின் மேசையில் இருக்கிறது. ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

வணக்கத்துடன்,
செயலாளர்