குயின்ஸ்டவுனுக்குப் போகிறவர்கள் முதலில் அறையைத் தேடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை வேலை விசாவில் நியூசிலாந்து போகும் நம் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். வாக்காட்டிப்பு ஏரியும் பின்னால் நிற்கும் ரிமார்க்கபிள்ஸ் மலையும் படத்தில் கண்ணைப் பறித்தன. குயின்ஸ்டவுனில் வேலைக்குப் பஞ்சமில்லை என்று எழுதியதும் சரிதான். ஆனால் படுக்க இடம் கிடைப்பதுதான் அங்கே பெரும்பாடு. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மலேசியக் கடப்பிதழுக்கு இந்த விசா 18 முதல் 30 வயது வரை, ஆறு மாதத்துக்குத்தான். ஒரு மாதத்தை வேலை தேடியே கழித்தால் மிஞ்சுவது சொற்பம். ஆகவே போகிற தேதியிலேயே பாதிக் காரியம் அடங்கியிருக்கிறது. பனிச்சறுக்குக் காலம் ஜூன் நடுவில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தோடு முடியும். ஜூலையில் போய் இறங்கினால் வேலையும் அறையும் மற்றவர்கள் கைக்குப் போயிருக்கும். மே நடுவில் போவது தோது. கோடைக்கு வந்தவர்கள் காலி செய்திருப்பார்கள், ஊரும் அடங்கிக் கிடக்கும். கொரோனெட் பீக், ரிமார்க்கபிள்ஸ், கார்ட்ரோனா ஆகிய பனிச்சறுக்கு மலைகளில் ஆட்களை மேலேற்றும் லிஃப்ட் வேலை வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே இங்கிருந்து விண்ணப்பித்துவிட வேண்டும். ஹோட்டல் அறை சுத்தம், பாத்திரம் கழுவுதல், காப்பிக் கடை போன்றவற்றுக்கு நேரில் போய்க் கேட்பதே மேல். பகல் மூன்று மணிக்குப் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஒரே முதலாளியிடம் எத்தனை மாதம் இருக்கலாம் என்பதை விசாக் கடிதத்தில் பார்த்துக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலர் ஆனது. வாரம் 35 மணி நேரம் என்றால் 822 டாலர். வரியும் விபத்துக் காப்பீட்டுப் பிடித்தமும் போக ஏறக்குறைய 685 கைக்கு வரும். இதில் அறை வாடகை மட்டும் வாரம் 300 டாலருக்கு மேல் போவது சாதாரணம். அங்கே வாடகை வாரக் கணக்கு என்பதை மறந்து மாதக் கணக்கென்று மகிழ்ந்துபோகிறவர்களும் உண்டு!

அறை விஷயத்தில் ஏமாறும் இடம் ஒன்றே ஒன்று. வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் வாடகைதாரர். முன்பணம் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாங்கியதை 23 வேலை நாட்களுக்குள் டெனன்சி சர்வீசஸ் என்ற அரசுப் பிரிவில் கட்டிவிட வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, வேறொருவர் எடுத்த வீட்டில் ஓர் அறை. பெயர் ஒப்பந்தத்தில் இராது, அந்தச் சட்டப் பாதுகாப்பும் இராது. போகும்போது முன்பணம் திரும்பவில்லையென்றால் வாடகைத் தீர்ப்பாயம் வழக்கை எடுக்காது. சிறு வழக்குகளுக்கான டிஸ்பியூட்ஸ் டிரைபியூனலுக்குத்தான் போக வேண்டும். அங்கே பேசுவது காகிதம். வாடகை, முன்பணம், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று அரைப் பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தை வங்கி வழியே மட்டும் அனுப்புங்கள். குடியேறிய அன்றே சுவர், மெத்தை, சன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் ஃபேஸ்புக்கில் கேட்டார்கள் என்று பணம் அனுப்பாதீர்கள்.

அறையைப் பார்க்கும்போது வெயிலையும் கேளுங்கள். ஃபெர்ன்ஹில், கார்ஜ் ரோடு பக்கம் சில வீடுகளுக்கு மலை மறைத்து, குளிர்காலத்தில் வெயிலே எட்டிப் பார்க்காது. ஃபெர்ன்ஹில் செங்குத்தான மேடு வேறு. காலையில் தார்ச்சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் வழுக்கும். கூடத்தை 18 டிகிரிக்குச் சூடாக்கும் கருவி சட்டப்படி இருந்தாக வேண்டும். படுக்கையறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே ஈரத்துணியைக் காயப்போட்டால் சன்னல் ஓரமெல்லாம் பூஞ்சை பிடிக்கும், கடைசியில் அதையும் முன்பணத்தில் கழிப்பார்கள். பிராங்க்டன் சற்றுத் தள்ளி இருந்தாலும் பேருந்து வசதி உண்டு, பாக்-என்-சேவ் பேரங்காடியும் அங்கேதான். வேனில் படுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் கவனிக்க: வேனிலேயே தங்கும் வசதி உண்டு என்று காட்டும் பச்சைச் சான்றிதழ், நிலையாகப் பொருத்திய கழிவறை இல்லாத வேனுக்கு இப்போது கிடைக்காது. அது இல்லாமல் கண்ட இடத்தில் நிறுத்திப் படுத்தால் அபராதம்.

போனவுடன் ஐஆர்டி என்ற வரி எண் எடுங்கள், இலவசம். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் 45 விழுக்காடு வரி பிடிப்பார்கள். நம் ஊழியர் சேமநிதியைப் போன்ற கிவிசேவரில் தற்காலிக விசாக்காரர்கள் சேர முடியாது. சம்பளச் சீட்டில் அந்தப் பெயரில் பிடித்தம் கண்டால் உடனே கேளுங்கள். வேலை தருவதற்கு முதலாளி பணம் வாங்குவது அந்நாட்டில் சட்டவிரோதம். இங்கேயே ‘வேலை உறுதிக் கட்டணம்’ கேட்கும் முகவர்களின் விளம்பரத்தைத் தாங்கள் வெளியிடும் முன் இதையும் யோசிக்க வேண்டுகிறோம்.

அடிபட்டால் ஏசிசி என்ற அரசுத் திட்டம் வெளிநாட்டவருக்கும் சிகிச்சைச் செலவில் கைகொடுக்கும். காய்ச்சலோ குடல்வாலோ என்றால் உங்கள் பணம்தான், ஆகவே காப்பீடு அவசியம். அம்மா கட்டித் தரும் மசாலாத் தூள், ஊறுகாய், மண் ஒட்டிய பழைய சப்பாத்து எல்லாவற்றையும் நுழைவுப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் விமான நிலையத்திலேயே 400 டாலர் அபராதம்.

திரும்பும்போது, மொத்தச் சம்பளத்தில் 8 விழுக்காடான விடுப்புப் பணம் கடைசிச் சம்பளத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்கு வாராவாரமே சேர்த்துக் கொடுத்திருப்பார்கள், சீட்டில் தெரியும். வங்கிக் கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். அங்கே வரி ஆண்டு மார்ச் 31ல் முடிகிறது. கூடுதலாகப் பிடித்த வரி அதற்குப் பிறகுதான் அந்தக் கணக்குக்குத் திரும்பி வரும்.

அன்புடன்,
வாசகர்கள் சிலர்,
கிள்ளான்