அவ ஜெபிக்கலாமான்னுதான் கேட்டா

அன்புள்ள போதகர் ஐயாவுக்கும் வாலிபர் ஊழியக் கமிட்டி பெரியவங்களுக்கும் ஸ்தோத்திரம்.

முகாம்ல ரெண்டாம் நாள் காலைல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், எல்லாரும் முன்வரிசைலதான் இருந்தீங்க. ஆனா அந்தப் பொண்ணு என்ன கேட்டான்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிற பொண்ணு. தொழிற்சாலைங்க வர்றதுக்கு முன்னாடி காத்துல பத்து லட்சத்துல 280 பங்கா இருந்த, பூமியைச் சூடாக்குற கார்பன் டை ஆக்சைடு இப்ப 420ஐ தாண்டிருச்சு, இதுக்காக நாம ஜெபிக்கலாமா, வாலிபர் குழுவா ஏதாவது செய்யலாமா, இவ்வளவுதான் கேட்டா. செய்தி கொடுக்க வந்தவர் சிரிச்சாரு, கூட்டமும் சிரிச்சுது. அப்புறம் அவளை முன்னாடி கூப்பிட்டு, தலைல கை வெச்சு, சந்தேகத்தின் ஆவி விலகணும்னு ஜெபிச்சாங்க. பூமிக்காக ஜெபிக்கச் சொன்னவளுக்கே ஜெபம் பண்ணி அனுப்பிட்டோம்.

அன்னைக்கு ராத்திரி அவ என்கிட்ட சொன்னது ஒரே வரிதான், "அந்த ஜெபம் முடிஞ்சதும் நானும் ஆமென் சொல்லிட்டேன்கா, எதுக்கு சொன்னேன்னே தெரியல." அழக்கூட இல்ல. அதுக்கப்புறம் அவ கூட்டத்துக்கு வர்றதில்ல, கேட்டா பரீட்சைங்கிறா, எந்தப் பரீட்சை இத்தனை மாசம் நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா என்ன.

நான் கேக்குறது ஒண்ணுதான். அடுத்த முகாம்ல சிருஷ்டிப்பைப் பத்தியும் அறிவியலைப் பத்தியும் ஒரு செஷன் வேணும், பிள்ளைங்க பயப்படாம கேள்வி கேக்குற மாதிரி. போன தடவையும் கேட்டேன், இது ஆவிக்குரிய விஷயம் இல்லைன்னு எடுத்துட்டீங்க. ஆதியாகமம் 2:15ல தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும்னுதான இருக்கு, மனுஷனுக்குக் கொடுத்த முதல் வேலையே ஆவிக்குரியது இல்லன்னா வேற எது ஐயா ஆவிக்குரியது?

பிரபஞ்சம் ஒரு தொடக்கத்துல இருந்து விரிஞ்சு வந்துச்சுங்கிற பெருவெடிப்புக் கொள்கை நாத்திகர் கட்டின கதைன்னு மேடைல அந்தச் செய்தியாளர் சொன்னப்போ நீங்க அல்லேலூயா சொன்னீங்க. விரியுற பிரபஞ்சத்தைப் பத்தி 1927ல எழுதி, 1931ல எல்லாம் ஒரு ஆதி அணுல இருந்து வந்ததுன்னு சொன்ன லெமேத்ர் ஒரு கத்தோலிக்க குருவானவர். ஐ.நா.வோட காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசில அறிவியல் குழுவுக்குத் தலைமை தாங்கின ஜான் ஹாட்டன் வெளிப்படையா தன் விசுவாசத்தைப் பேசின சுவிசேஷ கிறிஸ்தவர். இவங்களை அந்த மேடைல உக்கார வெச்சிருந்தா இவங்களுக்கும் சேர்த்து கை வெச்சு ஜெபிச்சிருப்போமோ என்னவோ.

எப்படியும் எரிஞ்சு போற பூமிதானேன்னு 2 பேதுரு 3:10ஐயும் அந்தச் செய்தியாளர் காட்டினாரு. சரி, அப்ப ஆலயக் கட்டிட நிதிக்கு மட்டும் எதுக்கு மாசாமாசம் கவர் கொடுக்குறோம், அந்தக் கட்டிடமும் பூமி மேலதான நிக்குது. ஏசி ஹால், ஃபிளெக்ஸ் பேனர், தூக்கிப்போடுற பிளாஸ்டிக் தட்டு, அதுக்கெல்லாம் கமிட்டில யாரும் வசனம் தேடுறதே இல்ல, மூணு நாள் முகாம் முடிஞ்சதும் கட்டின குப்பை மூட்டையை எண்ணினவ நான்.

மன்னிக்கணும், கொஞ்சம் அதிகமா பேசிட்டேன். கோபம் உங்க மேல மட்டும் இல்ல, அன்னைக்கு அவ பக்கத்துலயே உக்காந்திருந்த நானும் எந்திரிச்சு எதுவும் சொல்லல. தோமா சந்தேகப்பட்டப்போ இயேசு தன் கையைக் காட்டினாரு, அதை நாமதான் வருஷா வருஷம் பிரசங்கம் பண்றோம்.

அதனால தயவுசெஞ்சு அடுத்த முகாம் நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போறதுக்குள்ள அந்த ஒரு செஷனைச் சேர்த்துடுங்க. ஒரு மணி நேரம் போதும். பேச ஆள் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அவளே நல்லா பேசுவா. ஆனா கூப்பிடுறதுக்கு முன்னாடி உங்கள்ல யாராவது ஒருத்தர் அவ வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேக்கணும், கூட நானும் வர்றேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்க வாலிபர் ஊழியத்துல இன்னும் இருக்கிற ஒருத்தி